மூன்றாம் ஓலையும் வானவில் டிரம்மும்

எலிசா அந்த வட்டமான சாமானை அரிசிச் சாக்கில் சுற்றி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தபோது, துப்பறியும் அகிலா மூன்றாவது இட்லியில் இருந்தாள். சனிக்கிழமை. காலை எட்டு மணி.

சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பஞ்சர் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. அதுதான் ஆபீஸ். கீழே லாரி டயருக்குக் காற்றடித்தால் மேலே தரை அதிரும். அகிலாவுக்கு அது பழகிவிட்டது. பத்து வருஷம் மாம்பழக் கூழ் கம்பெனியில் பெல்ட் பக்கத்தில் நின்றவள் அவள். நிமிஷத்துக்கு நூறு பழம் கண்முன்னால் ஓடும். அழுகலை மட்டும் பிடுங்கி எறிய வேண்டும். ஒன்று தப்பினால் மேஸ்திரி வாயில் அம்மா அப்பா எல்லாரும் வருவார்கள். அந்தக் கண்ணை வைத்துத்தான் இப்போது பிழைப்பு.

"உக்காரும்மா. துன்னுட்டு வந்தியா?"

"பசிக்கலக்கா. நாளைக்கு என்னோட மூணாவது ஓலை."

ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்த தீனா தலையைத் தூக்கினான். வயது ஐம்பத்திரண்டு. இருபது வருஷம் ஷேர் ஆட்டோ ஓட்டி, முதுகெலும்பு இனி முடியாது என்று சொன்னபிறகு அகிலாவிடம் உதவியாளனாகச் சேர்ந்தவன். முதுகுதான் போயிற்று, வாய் போகவில்லை.

"ஓலைன்னா கல்யாண ஓலைதானம்மா? கல்யாணப் பொண்ணு சாக்கு தூக்கிக்கினு டிடெக்டிவ் வூட்டுக்கு வந்து கீற?"

அவர்கள் கிறிஸ்தவக் கோயிலில் அது வழக்கம். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, பொண்ணு பேரையும் மாப்பிள்ளை பேரையும் போதகர் எல்லார் முன்னாலும் வாசிப்பார். 'ஆட்சேபணை உள்ளவர்கள் இப்போது சொல்லலாம்' என்று கேட்பார். மூன்று தடவையும் யாரும் எழாவிட்டால்தான் கல்யாணம்.

"ரெண்டு ஓலை முடிஞ்சிடுச்சு," என்றாள் எலிசா. "நாளைக்கு எழுந்து நிப்பேன்னு சொல்லிக்கினு கீறாங்க."

"யாரு?"

"எங்கம்மா."

தீனா பேப்பரை மடித்தான். "மாப்பிள்ளை மேல மாமியாருக்கு ஆட்சேபணை வர்றது சகஜம். ஆனா அதுக்குக் கல்யாணம் ஆகட்டும்னு கொஞ்சம் காத்துக்கினு இருப்பாங்க."

எலிசாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ரேணிகுண்டா பக்கம் செல்போன் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வந்திருந்தாள். கண் சிவந்திருந்தது, தூக்கமில்லாததால் மட்டும் அல்ல. மாப்பிள்ளை ஆசிர் பெயின்டர். வாரம் ஆறு நாள் சுவருக்குச் சுண்ணாம்பும் பெயின்ட்டும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் டிரம்ஸ். இரண்டு மாசத்துக்கு முன் கோயில் டிரம் செட்டுக்குப் புதுத் தோல் வாங்கிவர அவனைத்தான் திருப்பதிக்கு அனுப்பினார்கள். மூன்று டிரம்முக்கு மூன்று தோல். தோல் என்று பேச்சுக்குச் சொல்வதுதான், சமாச்சாரம் பிளாஸ்டிக்.

"அம்மாதான் கமிட்டி செக்ரட்டரி. போன வாரம் தூசி துடைக்கும்போது பாத்திருக்காங்க. ரெண்டுல ஏதோ கலர் கலரா ஓடுது. ஒண்ணு மட்டும் கண்ணாடி மாதிரி சுத்தமா கீது. ஒரிஜினல் ரெண்டத்த வித்துட்டு டூப்ளிகேட் மாட்டிட்டான்னு சொல்றாங்க. 'திருடனுக்குப் பொண்ணு குடுக்கமாட்டேன்'னு." குரல் இறங்கியது. "ஆசிர் திருடலக்கா."

"அது உன் சாட்சி. எனக்கு டிரம்மோட சாட்சி வேணும். சாக்கை அவுத்துக் காட்டு."

சாக்கு அவிழ்ந்தது. ஒரு பெரிய தோசைக்கல் அளவு. சுற்றிலும் அலுமினிய வளையம், நடுவில் தெளிவான பிளாஸ்டிக். ஜன்னல் பக்கம் சாய்த்ததும் அதில் வண்ணங்கள் எழுந்தன. மழைத் தண்ணீரில் டீசல் சிந்தினால் வருமே, அதேபோல் ஊதா, பச்சை, ரோஸ் நிற வளையங்கள். ஒன்றுக்குள் ஒன்று.

அகிலா முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. திருப்பிப் போட்டு அந்தப் பக்கம் துடைத்தாள். போகவில்லை. கட்டைவிரலால் நடுவில் அமுத்தினாள்.

வளையங்கள் விலகி ஓடின. விரலை எடுத்தாள். திரும்பி வந்தன.

மறுபடி அமுத்தினாள். மறுபடி ஓடின.

"அகிலாம்மா, அது விளையாட்டு சாமான் இல்ல," என்றான் தீனா.

அவள் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. வாட்ஸ்அப் அழைப்பு. திரையில் அழைத்தவரின் புரொபைல் படம்: ஒரு பெண்மணி. பக்கத்தில் அவள் இடுப்புயரத்துக்கு, வெள்ளைத் துணி விரித்த வட்ட மேஜைமேல் ஒரு ராட்சசப் பூசணிக்காய். இரண்டு பேர் முகத்திலும் ஒரே பெருமை.

"எங்கம்மா!" என்று எலிசா பதறினாள். "நான் இங்க வந்தது எப்படித் தெரிஞ்சுது?"

"சித்தூர்ல ரகசியம் நம்ம பஸ்ஸைவிட வேகமா போவும்," என்றான் தீனா.

எலிசாவின் அம்மா ஜெயசீலி நீட்டி முழக்கவில்லை. "டிடெக்டிவ்வாம்மா நீ? கோயிலுக்கு வந்து உன் கண்ணாலயே பாரு. அப்புறம் என் பொண்ணுக்குப் புத்தி சொல்லு." வைத்துவிட்டாள்.

"அந்தப் பூசணி?" என்று அகிலா கேட்டாள்.

"பாலசமுத்திரத்துல எங்க நெலத்துல காய்ச்சதுக்கா. பதினெட்டு கிலோ. போன மாசம் அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கை வச்சாங்க. ஆராதனை முடிஞ்சு காணிக்கையெல்லாம் ஏலம் விடுவாங்கல்ல, அதுல ஆசிர்தான் எடுத்தாரு. வருங்கால மாமியார் பூசணி, வேற யாருக்காவது போனா நல்லாயிருக்குமா? அவங்க வூட்ல பத்து நாளைக்குப் பூசணிக் கொழம்பு."

"அந்தத் தண்டனை போதாதா பாவம்," என்றான் தீனா.

*

பழைய மிஷன் கோயில். கல் சுவர், ஓட்டுக் கூரை, முன்னால் மணிக்கூண்டு. மூவரும் உள்ளே நுழைந்தபோது சரியாக ஒன்பது மணி. கோயில் பிள்ளை தியோடர் மணி அடித்துக்கொண்டிருந்தார். பெருக்குவது, பூட்டுவது, மணி அடிப்பது, கல்லறைக்குக் குழி வெட்ட ஆள் பிடிப்பது எல்லாம் அவர் வேலை. ஐந்தடி இருப்பார். ஸ்டூல்மேல் ஏறி, நுனிக்காலில் நின்று, கயிற்றை எட்டிப் பிடித்து இழுத்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் ஸ்டூல் ஆடியது.

"இன்னாண்ணா," என்று தீனா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான், "மணி மேல போயிடுச்சா, நீங்க கீழ வந்துட்டீங்களா?"

"கயிறு நைஞ்சுபோச்சுப்பா. நுனியை வெட்டிட்டேன்," என்றார் தியோடர். இறங்கும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அகிலா கயிற்றின் நுனியைப் பார்த்தாள். கத்தியால் ஒரே வெட்டு. நைந்த கயிறு நூல் நூலாகத் தொங்கும்; இது புதுசுபோல் கெட்டியாக இருந்தது.

தீனாவுக்குத் தாகம். கூண்டுக்கு அடியில் தண்ணீர்ப் பீப்பாய் இருந்தது. வட்ட மூடி, அதன்மேல் துண்டு, துண்டின்மேல் சொம்பு. அவன் கை வைப்பதற்குள் தியோடர் ஓடிவந்து, மூடியை ஓரமாக மட்டும் நகர்த்தி, தானே மொண்டு கொடுத்தார்.

"நல்ல மனுசன்," என்றான் தீனா வாயைத் துடைத்துக்கொண்டு.

"ரொம்ப நல்ல மனுசன்," என்றாள் அகிலா.

உள்ளே பீடத்துக்கு இடதுபக்கம் டிரம் செட். அதன் பக்கத்தில் ஜெயசீலி. ஐம்பத்தைந்து வயது. நாத்து நட்டுக் காய்த்துப்போன கை, கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை. அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போன குடும்பம், சொந்தமாக இரண்டு ஏக்கர் சம்பாதித்த குடும்பம். ஏமாற்றினால் அவளுக்குப் பொறுக்காது. ஏமாந்தால் அதைவிடப் பொறுக்காது.

"நீ மாம்பழ கம்பெனியில இருந்தவதானே?"

"ஆமாங்கம்மா. அழுகல் பொறுக்குற வேலை. இப்பவும் அதேதான்."

"அப்போ பொறுக்கு. உன் கையில கீறது சின்ன டிரம்மோடது, கலரு. இந்த நடு டிரம்மு, அதுவும் கலரு. இந்தப் பெருசு மட்டும் சுத்தம். ஒரே கடை, ஒரே நாளு, ஒரே பில்லு. அப்போ மூணும் ஒரே மாதிரி இருக்கணுமா வேணாமா?"

"இருக்கணும்."

"பாத்திரம் தேய்க்கிற பவுடர் போட்டேன். எலுமிச்சம்பழம் போட்டேன். மண்ணெண்ணெய்கூடப் போட்டேன். போகல. மட்டமான பிளாஸ்டிக்கு. அவன் தின்னர் கையோட தொட்டுக் கெடுத்திருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன். மாத்தி வச்சிருக்கான்."

அகிலா பெரிய டிரம்மை அமுத்திப் பார்த்தாள். ஒன்றும் ஓடவில்லை. விரலால் தட்டினாள். கணீரென்றது. அந்தச் சத்தம் கூரை வரை போய் மெதுவாக இறங்கியது.

"சாயந்தரம் நாலு மணிக்கு வரேங்கம்மா. அதுவரைக்கும் ஆட்சேபணையை உக்கார வச்சிருங்க."

*

எலிசாவைத் தூங்க அனுப்பிவிட்டு இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். வழியில் ஒரு மூன்று மாடி வீட்டின் சாரத்தில் ஆசிர் தொங்கிக்கொண்டிருந்தான். முழங்கை வரை பிஸ்தா பச்சை.

"நான் எடுக்கலக்கா!" என்று மேலிருந்தே கத்தினான்.

"எடுத்தியான்னு நான் கேக்கலையே. அந்தக் கலரு எப்பலேருந்து கீது?"

"வாங்கும்போதே இருந்துச்சு. மூணுலயும். டிசைன்னு நெனச்சேன்."

"மூணுலயுமா?"

"மூணுலயும். இப்போ பெருசுல காணோம்னு அத்தை சொல்றாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. ஒண்ணு மட்டும் தெரியும். பெரிய டிரம்மு முன்னல்லாம் 'தொம்'முனு அடங்கும். பண்டிகையிலேருந்து தகர டப்பா மாதிரி கத்துது."

"யாருகிட்டயாவது சொன்னியா?"

"அத்தைகிட்ட சொன்னேன். உனக்கு அடிக்கத் தெரியலன்னுட்டாங்க."

தீனா அண்ணாந்து பார்த்தான். "தைரியமா இரு நைனா. கீழ மட்டும் பாக்காத."

*

திருப்பதி. பஸ் ஸ்டாண்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி கிரண்குமாரின் இசைக்கருவிக் கடை. பஜனைத் தாளம் வாங்க வந்த யாத்திரைக் கும்பலுக்கு நடுவில் புகுந்தார்கள்.

"ரண்டி, ரண்டி! ஏம் காவாலி?" என்று, என்ன வேண்டுமெனத் தெலுங்கில் கேட்டான் கிரண்குமார்.

"நியாயம் காவாலி," என்றான் தீனா. "ஒரு கிலோ இருந்தா போதும்."

அகிலா சாக்கைப் பிரித்தாள். கிரண்குமார் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ரெயின்போ கம்ப்ளெயின்ட்டா? அய்யோ அக்கா, வாரத்துக்கு ஒருத்தர் வராங்க. ஆயில் பட்டுச்சு, டூப்ளிகேட் குடுத்துட்ட, மாத்திக் குடுன்னு. இது இன்னும் பரவால்ல, மண்ணெண்ணெய் வாசனை வேற வருது. இருங்க, சூடண்டி, பாருங்க."

அலமாரியிலிருந்து மூன்று புதுப் பெட்டிகளை இறக்கி, முத்திரையை அவர்கள் கண்முன்னாலேயே கிழித்தான். மூன்று தோல்களையும் டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்தான். ஒன்றில் நிறைய, ஒன்றில் கொஞ்சம், ஒன்றில் ஓரத்தில் மட்டும். ஆனால் மூன்றிலும் ஊதா, பச்சை, ரோஸ்.

"இது டபுள் பிளை அக்கா. ஒரு ஷீட்டு இல்ல, ரெண்டு ஷீட்டு. ஒண்ணு மேல ஒண்ணு. நடுவுல ஒட்டறது இல்ல, சுத்தி ஓரத்துலதான் பிடிச்சிருக்கும். ரெண்டுக்கும் நடுவுல துளி காத்து. எவ்ளோ துளி? தலைமயிரை நூறா கிழிச்சா ஒரு கிழிசல் எவ்ளோ இருக்கும், அவ்ளோ."

"அந்தக் காத்துக்குத்தான் கலரா?"

"காத்துக்குக் கலர் இல்ல. வெளிச்சத்துக்குத்தான். மேல் ஷீட்டோட அடியில பட்டு கொஞ்சம் வெளிச்சம் திரும்புது. கீழ் ஷீட்டோட மேல பட்டு இன்னும் கொஞ்சம் திரும்புது. ரெண்டும் சேந்து நம்ம கண்ணுக்கு வரும்போது, சில கலர் ஒண்ணுக்கொண்ணு கை குடுத்துத் தூக்கும். சில கலர் ஒண்ணை ஒண்ணு அடக்கிடும். எதைத் தூக்கும், எதை அடக்கும்ங்கிறது நடுவுல கீற இடைவெளியைப் பொறுத்தது."

"புரிஞ்சுது," என்றான் தீனா. "ரெண்டு ஷேர் ஆட்டோ. சேந்து ஓட்டுனா ரெண்டு பேருக்கும் சவாரி. முட்டிக்கிட்டா ரெண்டு பேருக்கும் பட்டினி."

"இவர் எந்த காலேஜ்?" என்றான் கிரண்குமார்.

"சித்தூர் ஸ்டாண்டு. இருபது வருஷம்."

அகிலா தீனாவின் சட்டைப் பையிலிருந்து அவன் போனை உருவினாள். போன மாசம் அலிபிரியில் நடைபாதைக் கடையில் ஒட்டிய கண்ணாடிக் கவசம். ஒரு மூலையில் சரியாக ஒட்டாமல், அதே வளையங்கள். அமுத்தினாள். ஓடின.

"இத்தனை நாளா இதுவும் கெட்டுப்போச்சுன்னு நானும் துடைச்சுக்கினு இருந்தேன்," என்றான் தீனா.

"துடைச்சா போகாது. அமுத்துனா ஓடும். அப்போ கலர் மேலயும் இல்ல, கீழயும் இல்ல, நடுவுல கீது. நடுன்னு ஒண்ணு இருக்கணும்னா ரெண்டு ஷீட்டு இருக்கணும்." அகிலா கிரண்குமாரைப் பார்த்தாள். "அப்படின்னா கலர் இல்லாதது சிங்கிளா?"

"அப்படி சொல்லிட முடியாதக்கா. சில டபுள்ல கண்ணுக்கே தெரியாது. ஆனா சிங்கிள்ல இந்தக் கலர் வர வழியே இல்ல. சத்தத்துல கண்டுபிடிக்கலாம். டபுள் 'தொம்'. சிங்கிள் 'கணீர்'."

"தகர டப்பா மாதிரி," என்றாள் அகிலா மெதுவாக. "போன மாசம் எங்க பெரிய டிரம்மு சைஸ்ல, பதினாறு இன்ச் சிங்கிள் ஒண்ணு வித்தீங்களா? கோயில் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமையா இருக்கணும்."

கிரண்குமார் சிரித்துவிட்டான். "மறக்க முடியுமா? பொட்டியா, குள்ளமா ஒரு பெரியவர். மூச்சு வாங்கிக்கினு வந்தாரு. எந்த சைஸ்னு கேட்டேன். இன்ச்செல்லாம் தெரியாதுப்பான்னு பையிலேருந்து கயிறு ஒண்ணு எடுத்தாரு. டிரம்மு குறுக்கால இவ்ளோன்னு. அந்த சைஸ்ல டபுள் அன்னைக்கு ஸ்டாக் இல்ல. கண்ணாடி மாதிரி இருந்தா போதும், குடுன்னு வாங்கிக்கினு ஓடிட்டாரு. கயிறை இங்கயே வுட்டுட்டாரு. அதோ."

கடை வாசலில் ஒரு முக்கோண மணி தொங்கியது. அதைக் கட்டியிருந்தது தடிமனான பருத்திக் கயிறு. பாதி வெள்ளை, பாதி கறுப்பு. எண்ணெய் ஏறிய கறுப்பு இல்லை. பல வருஷம் ஒரே கை பிடித்துப் பிடித்து, வியர்வை ஊறி ஏறிய கறுப்பு. மண்வெட்டிப் பிடியில் வரும் கறுப்பு. அகிலாவுக்கு அதை நன்றாகத் தெரியும். அவள் அப்பாவின் மண்வெட்டி அப்படித்தான் இருந்தது.

தீனா வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான்.

"ஸ்டூலு!" என்றான்.

*

திரும்பும் பஸ்ஸில் தீனாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"கோயில் பிள்ளையா? அவரு எதுக்கு அகிலாம்மா ஒரிஜினலை எடுக்கணும்? வித்தாரா?"

"விக்கிற ஆளு தன் கூலியைப் போட்டு இன்னொண்ணு வாங்கி மாட்டுவாரா? கெட்டுப்போனதை மறைக்கிறவர்தான் மாட்டுவாரு."

"டிரம்மு தானா கெடுமா? பெருக்குமாறு பட்டா கிழியுமா?"

"அதான் தெரியல. பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை..." அகிலா நிறுத்தினாள். போனை எடுத்தாள். ஜெயசீலியின் படத்தைத் திறந்தாள். இரண்டு விரலால் பெரிதாக்கினாள். முகத்தை விட்டாள், பூசணியை விட்டாள், கீழே இறக்கினாள். வெள்ளைத் துணி முடியும் இடத்தில் நின்றாள்.

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

"இன்னாம்மா?"

"அந்தக் கோயில்ல வட்ட மேஜை ஏதாவது பாத்தியா தீனாண்ணா?"

"நான் பாத்ததெல்லாம் பெஞ்சிதான்."

"நானும்தான்," என்றாள். காணிப்பாக்கம் கைகாட்டி தாண்டும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

*

நாலு மணி. கோயிலுக்குள் ஜெயசீலி, எலிசா, கை கழுவியும் பச்சை போகாத ஆசிர், மூலையில் பெருக்குமாறோடு தியோடர்.

"அம்மா, கட்டைவிரலை இங்க வையுங்க," என்றாள் அகிலா. "அமுத்துங்க."

ஜெயசீலி சின்னத் தோலை அமுத்தினாள். வண்ணங்கள் ஓடின. கையை வெடுக்கென்று எடுத்தாள். அகிலா கிரண்குமார் சொன்னதைச் சொன்னாள். அவன் கொடுத்தனுப்பிய முத்திரை கிழிக்காத பெட்டி ஒன்றைச் செக்ரட்டரி கையாலேயே கிழிக்க வைத்தாள். அதிலும் ஊதா, பச்சை, ரோஸ்.

"பெல்ட்டுல நூறு பழம் ஒரே மாதிரி வந்து, ஒண்ணு மட்டும் வேற மாதிரி வந்தா, நாங்க அந்த ஒண்ணைத்தாம்மா சந்தேகப்படுவோம். நீங்க பளபளன்னு இருக்குதேன்னு அந்த ஒண்ணை நம்பிட்டு, மத்ததைச் சந்தேகப்பட்டுட்டீங்க. இங்க மாறிப்போனது ஒண்ணே ஒண்ணு. நீங்க ஒரிஜினல்னு சொன்ன இந்தப் பெருசு."

ஜெயசீலி பெரிய டிரம் பக்கம் திரும்பினாள். "அப்போ அதையும் இவன்தான்..."

"ஆசிர் பெயின்டர்மா. பையில எப்பவும் இன்ச் டேப்பு கீது. மாத்துனவருகிட்ட டேப்பு இல்ல." கிரண்குமாரிடம் கேட்டு வாங்கி வந்த கயிற்றை எடுத்து நீட்டினாள்.

பெருக்குமாறு தரையில் விழுந்தது.

தியோடர் வெளியே போனார். எல்லாரும் பின்னால் போனார்கள். பீப்பாய்மேல் இருந்த சொம்பை இறக்கி, துண்டை உருவினார். மூடி என்று எல்லாரும் நினைத்த வட்டம் சாயங்கால வெயிலில் பளிச்சென்று வண்ணம் காட்டியது. நடுவில் ஒரு குழி. பெரிய குழி. எதையோ பாரமாக வைத்து ஒன்றிரண்டு நாள் விட்டால் விழும் குழி.

"நான் குடிச்ச தண்ணிக்கு வானவில் மூடியா?" என்றான் தீனா.

"ஏன் தியோடரு?" ஜெயசீலியின் குரல் ஏறியது. "எதை வச்ச அது மேல? சொல்லு! ஆசிர் பேரு கெட்டுக்கினு கீது, நீ வாயை மூடிக்கினு இருந்தியா?"

தியோடர் தரையைப் பார்த்தார். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அந்தப் பையன் போவான். ஒரு வாரமாக அந்த மனுஷன் தூங்கவில்லை என்பது கண்ணுக்குக் கீழே எழுதியிருந்தது.

"அவரைக் கேக்காதீங்கம்மா," என்றாள் அகிலா. "உங்க போட்டோவைக் கேளுங்க." போனை நீட்டினாள். "இந்த வட்ட மேஜை எங்க கீது?"

"அதுவா? ஏதோ ஒரு ஸ்டூலு. துணி போட்டு மூடியிருந்துச்சு."

"கீழ பாருங்க. துணிக்கு அடியில மூணு காலு. மூணும் ஸ்டீல். மூணும் ரப்பர் செருப்பு போட்டுக்கினு கீது."

எல்லார் கண்ணும் ஜன்னல் வழியே உள்ளே போயிற்று. பெரிய டிரம் மூன்று ஸ்டீல் காலில், மூன்று ரப்பர் செருப்போடு நின்றிருந்தது.

"வியாழக்கிழமை கொண்டாந்தீங்கம்மா," என்றார் தியோடர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "தரையில வச்சா பெருச்சாளி கடிக்கும், அந்த மேஜை மேல வைடான்னீங்க. அது மேஜை இல்லன்னு சொல்ல வாயெடுத்தேன். எதிர்த்துப் பேசாதன்னீங்க. சனிக்கிழமை தூக்கிப் பாத்தா குழி. விடிஞ்சா பண்டிகை. கையில கிடைச்சது மணிக்கயிறுதான். அதுல அளவெடுத்துக்கினு ஓடினேன். தம்பி மேல பழி வரும்னு கனவுலகூட நெனைக்கலம்மா. வந்தப்புறம் சொல்ல பயம்."

"பயம் எனக்கும் தெரியும்ண்ணா," என்றாள் அகிலா. "மேஸ்திரி முன்னால பத்து வருஷம் நின்னவதான். ஆனா உன் பயத்துக்கு இன்னொரு கூலிக்காரன் விலை குடுக்கறது நியாயமில்ல."

தியோடர் தலையாட்டினார். ஆசிர் அவர் தோளில் பச்சைக் கையை வைத்தான். "என்கிட்ட கேட்டிருந்தா டேப்பு குடுத்திருப்பேனேண்ணா. கயிறை வேற வெட்டிக்கினு."

ஜெயசீலி பீப்பாய்ப் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். குழி விழுந்த தோலையும் போனில் இருந்த பூசணியையும் மாறி மாறிப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது.

"பதினெட்டு கிலோ," என்றாள் கடைசியில்.

"அதை ஏலத்துல எடுத்து பத்து நாள் துன்னது உங்க மாப்பிள்ளை," என்றான் தீனா. "தன்னைக் கவுத்த காயைத் தானே தூக்கிக்கினு போயிருக்கான்."

யாரும் சிரிக்கவில்லை. ஜெயசீலி என்ன செய்வாள் என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் எழுந்தாள், புடவையைத் தட்டினாள், காம்பவுண்ட் கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பியிருந்தது. கடைசி பெஞ்சில் அகிலாவும் தீனாவும். போதகர் ஓலையை வாசித்தார். ஆசிர் பேர், எலிசா பேர், இரண்டு வீட்டுப் பேர். "மூன்றாம் முறையாக. ஆட்சேபணை உள்ளவர்கள் இப்போது சொல்லலாம்."

பெண்கள் பக்கம் முதல் வரிசையில் ஒரு வெள்ளைப் புடவை எழுந்தது.

எலிசா கண்ணை மூடிக்கொண்டாள். டிரம்முக்குப் பின்னால் ஆசிர் குச்சியை மடியில் இறக்கி வைத்தான். இரண்டு மின்விசிறிகள் கிறீச்சிட்டன.

"ஆட்சேபணை இல்ல," என்றாள் ஜெயசீலி. "ஒரு சாட்சி கீது."

அவர்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை யாராவது எழுந்து சாட்சி சொல்வது புதிது இல்லை. காய்ச்சல் தீர்ந்தது, பரீட்சையில் பாஸானது, போர்வெல்லில் தண்ணீர் வந்தது. இப்படி ஒரு சாட்சியை மட்டும் அந்தக் கல் சுவர்கள் கேட்டதில்லை.

"கோயில் டிரம்மைக் கெடுத்தது நான். பூசணிக்காயை அது மேல வச்சுக் கெடுத்தேன். மேஜைன்னு நெனச்சேன். சொல்ல வந்த தியோடரைப் பேச விடல. அப்புறம் இந்தத் தம்பியைத் திருடன்னு நாலு பேர்கிட்ட சொன்னேன். அந்த நாலு பேரும் இங்கதான் உக்காந்து கீறீங்க. தலையைக் குனியாதீங்க, நானே நிமிந்துதான் நிக்கறேன். புதுத் தோலு என் செலவு. மணிக்கயிறும் என் செலவு. தம்பி, மன்னிச்சிரு."

உட்கார்ந்தாள்.

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. தீனா என்றுதான் அகிலா சந்தேகப்பட்டாள். அது பெஞ்சு பெஞ்சாகப் பரவிப் போதகரையும் பிடித்தது. ஓலையை மடித்துப் பைபிளுக்குள் வைக்க அவருக்கு மூன்று முயற்சி தேவைப்பட்டது. ஆசிர் பதிலாகப் பெரிய டிரம்மில் ஓங்கி ஒன்று வைத்தான். கணீர். தகர டப்பா. அதற்கும் சிரித்தார்கள். எலிசா மட்டும் அழுதாள், அது வேறு கணக்கு.

ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே போனபிறகு, தியோடர் ஸ்டூலில் ஏறி மணி அடித்துக்கொண்டிருந்தார். உள்ளே ஜெயசீலி தனியாக டிரம் செட் பக்கம் நின்றாள். கிழக்கு ஜன்னல் வெயில் சின்ன டிரம்மில் விழுந்து வண்ணமாக எழுந்தது. பழக்கத்தில் முந்தானையை இழுத்துத் துடைக்கப் போனாள். நிறுத்தினாள். அக்கம்பக்கம் பார்த்தாள். கட்டைவிரலை வைத்து அமுத்தினாள்.

ஓடின.

விட்டாள். வந்தன. மறுபடி அமுத்தினாள்.

வாசலில் நின்ற தீனா ஏதோ சொல்ல வாயெடுத்தான். அகிலா அவன் காலை மிதித்தாள்.

"யாருடா அங்க?" என்றாள் ஜெயசீலி, திரும்பாமலே. விரலை மட்டும் எடுக்கவில்லை.